பொருந்தாத கனெக்டரும் ஸ்டீரிங்குக்குள் சுருண்ட நாடாவும்

காரின் ஸ்டீரிங் சக்கரம் இடமும் வலமுமாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டிய உறுப்பு. ஹாரன் பொத்தானும், வானொலியின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் விசைகளும், விபத்து நேரத்தில் ஓட்டுநரின் முகத்தையும் மார்பையும் காக்கும் காற்றுப்பையும் அதே சக்கரத்தின் நடுவில்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதால், அசையாமல் நிற்கும் ஸ்டீரிங் தண்டின் உறையிலிருந்து சுழலும் சக்கரத்துக்கு மின்சாரத்தை ஒரு கணமும் அறுபடாமல் கொண்டுசெல்லும் வழி ஒன்று தேவைப்படுகிறது. அந்த வேலையைச் செய்யும், உள்ளங்கை அகலமே உள்ள பிளாஸ்டிக் வட்டு பட்டறைகளில் 'கிளாக் ஸ்பிரிங்' என்று வழங்கப்படுகிறது. இதே உறுப்பை டொயோட்டாவின் பழுதுநூல்கள் 'ஸ்பைரல் கேபிள்' என்றும் ஹோண்டாவின் நூல்கள் 'கேபிள் ரீல்' என்றும் குறிப்பதால், கடையில் கேட்கும் பெயர் ஒன்றும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயர் வேறொன்றுமாக இருப்பதில் வியப்பில்லை.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்திலுள்ள சுவா போன்ற தோட்டப்புற ஊர்களில் இந்தச் சிறு வட்டு பெருந்தொல்லை தரும் பொருளாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பால்மரம் நின்ற நிலங்களில் செம்பனை வந்து, தோட்டத்து வேலையை நம்பியிருந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறை சிரம்பானுக்கும் நீலாய்க்கும் போர்ட்டிக்சனுக்கும் வேலைக்குச் செல்லத் தொடங்கிய பின், சொந்த வாகனம் இல்லாமல் அங்கே நாள் நகர்வதில்லை. வாங்கப்படுபவை பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய புரோட்டான், பெரோடுவா கார்கள். அந்த வயதில் ஒரு நாள் ஹாரன் ஒலிக்காமல் போகும். அல்லது கருவிப்பலகையில், அமர்ந்திருக்கும் மனித உருவத்தின் முன் ஒரு பந்து இருப்பதுபோன்ற சிவப்பு விளக்கு எரிந்து, அணைய மறுக்கும். 'எஸ்.ஆர்.எஸ்.' எனப்படும் காற்றுப்பை அமைப்பில் பழுது என்பதே அவ்விளக்கின் பொருள். இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால், அனுபவமுள்ள மின்பழுது பார்ப்பவர் எவரும் முதலில் கிளாக் ஸ்பிரிங்கையே சந்தேகிப்பார்.

காற்றுப்பை வருவதற்கு முந்தைய கார்களில் ஸ்டீரிங்குக்குள் பெரும்பாலும் ஹாரனுக்கு மட்டுமே மின்சாரம் தேவைப்பட்டது. அதற்குப் பித்தளை வளையம் ஒன்றும் அதன்மீது உரசிக்கொண்டே நிற்கும் தொடுமுனை ஒன்றும் போதுமாயிருந்தன. உரசும் இடத்தில் அழுக்குப் படிந்தால் ஹாரன் சிறிது இருமும், துடைத்தால் சரியாகிவிடும். அமெரிக்கரான ஜான் ஹெட்ரிக் 1953இல் காப்புரிமை பெற்ற காற்றுப்பை என்ற கருத்து, 1980களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ்-கிளாஸ் காரில் ஓட்டுநருக்கு முன்னால் வந்து அமர்ந்தபோது, அந்தப் பழைய உரசு வளையம் பயன்படாமல் போயிற்று. காற்றுப்பையை விரியச் செய்யும் வெடிதிரி, ஏறத்தாழ 2 ஓம் மின்தடை உடைய சிறு கம்பி ஆகும். ஓர் ஆம்பியருக்குச் சற்று மேற்பட்ட மின்னோட்டம் இரண்டு மில்லிவிநாடி அதில் பாய்ந்தாலே அது பற்றிக்கொண்டு வாயுவை உண்டாக்கி, ஏறக்குறைய முப்பது மில்லிவிநாடிக்குள் பையை நிரப்பிவிடும். இத்திரி எப்போதும் ஆயத்தமாக இருக்கிறதா என்று அறிய, காற்றுப்பைக் கட்டுப்பாட்டுக் கணினி மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, வழியின் மின்தடையை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது. உரசும் தொடுமுனையில் மின்தடை கணத்துக்குக் கணம் ஏறியிறங்கும் என்பதால், 2 ஓம் என்ற நுண்ணிய அளவைக் கண்காணிக்கும் கணினிக்கு அது ஒவ்வாது. எனவே உரசல் என்பதே இல்லாத, முழுவதும் உலோகத்தாலேயே இணைந்த வழி ஒன்றைப் பொறியாளர்கள் தேட வேண்டியிருந்தது.

அவர்கள் கண்ட தீர்வு எளிமையானது. மெல்லிய செப்புப் பட்டைகளை இரு பாலியெஸ்டர் தாள்களுக்கு இடையே ஒட்டினால் தட்டையான ஒரு நாடா கிடைக்கும்; அந்நாடாவைப் பாய் சுருட்டுவதுபோல் தளர்வாகச் சுருட்டி வட்டப் பெட்டிக்குள் வைத்து, அதன் வெளி நுனியை அசையாத பாதியிலும் உள் நுனியைச் சக்கரத்தோடு சுழலும் பாதியிலும் கட்டிவிட்டால், ஒரு பக்கம் திருப்பும்போது சுருள் இறுகும், மறுபக்கம் திருப்பும்போது தளரும், ஆனால் இணைப்பு எங்கும் அறாது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஸ்டீரிங் மூன்று அல்லது மூன்றரைச் சுற்றுச் சுற்றுகிறது என்றால், நாடாவுக்கு ஏறத்தாழ ஐந்து சுற்று இடம் கொடுக்கப்பட்டிருக்கும். இரு பக்கமும் மிஞ்சும் அந்தச் சிறு இடைவெளிதான் இவ்வுறுப்பின் ஆயுளைக் காக்கிறது. பழுதுபார்ப்போர் பெரும்பாலும் கெடுப்பதும் அதையேதான்.

இந்த நாடா அறுந்துபோவதற்கு முதுமை மட்டும் காரணமன்று. ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்த செம்பு மெல்ல வெடிப்பது இயல்பே என்றாலும், வடிவமைப்பிலேயே குறை நேர்ந்ததுண்டு. 2014 ஏப்ரலில் டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் 6.39 மில்லியன் வாகனங்களைத் திரும்ப அழைத்தபோது, அவற்றுள் ஏறத்தாழ 3.5 மில்லியன் வாகனங்களின் குறை இந்த ஸ்பைரல் கேபிளில்தான் இருந்தது. ஸ்டீரிங்கைத் திருப்பத் திருப்ப நாடாவின் மின்வழி சிதைந்து, காற்றுப்பை செயலற்றுப்போகக்கூடும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. இந்தியாவில் அதே அறிவிப்பின் பகுதியாக, 2005 முதல் 2008 வரை தயாரான ஏறத்தாழ 45,000 இன்னோவா கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2016இல் ஜீப் ராங்லர் வண்டிகள் அழைக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம் தோட்டப்புற மக்களின் கவனத்துக்கு உரியது: காட்டுப் பாதைகளில் ஓடும்போது கிளாக் ஸ்பிரிங்குக்குள் புகும் புழுதி, நாடாவைத் தேய்த்து அறுத்துவிடுகிறது என்பதே அது. செம்மண் சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓடும் காருக்கும் இதே புழுதிதான் கிடைக்கிறது.

ஆயினும் பட்டறைகளில் காணக்கிடைக்கும் மிகச் சாதாரணமான காரணம், கிளாக் ஸ்பிரிங்கோடு நேரடித் தொடர்பே இல்லாத வேறொரு வேலை. ஸ்டீரிங் ரேக் எனப்படும், சக்கரத்தின் சுழற்சியை முன்சக்கரங்களின் திருப்பமாக மாற்றும் பல்சட்டத்தைக் கழற்றிச் சரிசெய்யும்போது, ஸ்டீரிங் தண்டு கீழே எதனோடும் பிணைப்பில்லாமல் தொங்குகிறது. அந்நிலையில் யாரேனும் ஸ்டீரிங்கை விளையாட்டாக நாலைந்து சுற்றுச் சுழற்றினால், நாடா தன் எல்லையைத் தாண்டி இழுபட்டு அறும். அல்லது அறாமலே ஒரு சுற்று இடம் மாறி உட்கார்ந்து, சில நாள் கழித்துக் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டீரிங்கை முழுதாக ஒடிக்கும்போது அறும். ரேக் வேலை செய்தவர் மீது அப்போது எவருக்கும் சந்தேகம் வருவதில்லை. இதைத் தவிர்க்க ஸ்டீரிங் பூட்டைப் போட்டுச் சாவியை எடுத்துவிட்டால் போதும்.

உறுப்பு பழுது என்று முடிவான பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. வாங்கிவந்த புதிய கிளாக் ஸ்பிரிங் பழையதைப் போலவே இருக்கும். திருகுத் துளைகளும் ஒத்துப்போகும். ஆனால் கனெக்டர் எனப்படும், கம்பிகளின் நுனிகளைத் தாங்கும் பிளாஸ்டிக் இணைப்பி உள்ளே நுழையாது. அல்லது பழையதில் மூன்று கனெக்டர் இருந்த இடத்தில் புதியதில் இரண்டே இருக்கும். அரத்தால் சிறிது தேய்த்து நுழைத்துவிடலாம் என்றோ, கம்பியை வெட்டி நிறம் பார்த்து முறுக்கிவிடலாம் என்றோ தோன்றுவது அப்போதுதான். இந்த இடத்தில் நிதானிப்பது நல்லது. ஏனெனில் கனெக்டரின் ஓரத்திலுள்ள மேடும் பள்ளமும் தற்செயலாக அமைந்தவை அல்ல. வேறு வகைக்கான உறுப்பு தவறான இடத்தில் பொருந்திவிடக் கூடாது என்பதற்காகவே தயாரிப்பாளர் அவற்றை மாற்றி மாற்றி அமைக்கிறார். அவ்வகையில், நுழைய மறுக்கும் கனெக்டர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

ஒரே பெயருள்ள காருக்குள்ளேயே இத்தனை வேறுபாடு ஏன் என்பதற்கு மலேசியாவின் மிகப் பழக்கமான காரே சான்று. 2005 மே மாதம் அறிமுகமான முதல் மைவி, ஜப்பானின் டொயோட்டா பாசோ, டைஹாட்சு பூன் கார்களின் உடன்பிறப்பு; அதன் விலை குறைந்த வகைகளில் காற்றுப்பை இல்லை, உயர்ந்த வகையில் இருந்தது. 2011இல் இரண்டாம் தலைமுறையும் 2017 நவம்பரில் மூன்றாம் தலைமுறையும் வந்தன. ஹாரன் மட்டும் உள்ள சக்கரத்துக்கு ஒன்றிரண்டு மின்வழி போதும். காற்றுப்பை சேர்ந்தால் அதற்கென இரண்டு வழி கூடும். மோதலின் வேகத்துக்கேற்ப இரு கட்டமாக விரியும் காற்றுப்பை என்றால் நான்கு. ஒலிப்பெட்டி விசைகள் வந்தால் மேலும் இரண்டு மூன்று. குறித்த வேகத்தில் காரைத் தானே செலுத்தும் குரூஸ் விசை வந்தால் இன்னும் ஒன்றிரண்டு. கார் சறுக்காமல் காக்கும் வி.எஸ்.சி. அமைப்புள்ள வண்டிகளில், ஸ்டீரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் கோண உணரி ஒன்றும் கிளாக் ஸ்பிரிங்கோடு சேர்ந்து நிற்பதுண்டு. ஆகவே 'மைவிக்கு ஒரு கிளாக் ஸ்பிரிங்' என்று கேட்பவர் உண்மையில் எதையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை.

சரியாகக் கேட்பதற்கு இரண்டு எண்கள் தேவை. ஒன்று, பழைய உறுப்பின் முதுகில் அச்சிட்டிருக்கும் உதிரிப்பாக எண். டொயோட்டா வழி வந்த எண்முறையில் முதல் ஐந்து இலக்கங்கள் உறுப்பின் இனத்தைச் சொல்லும். ஸ்பைரல் கேபிளுக்கு அது 84306. அதைத் தொடர்ந்துவரும் ஐந்து குறிகள்தாம் எந்தக் காருக்கு, எந்த வகைக்கு என்பதைச் சொல்லும். இணையக் கடைகளில் படத்தையும் முதல் பாதி எண்ணையும் மட்டும் பார்த்து வாங்கியவர்களின் கைக்கு வேறு வகை உறுப்பு வந்துசேர்வது இதனால்தான். மற்றொன்று, 'சேசிஸ் எண்' எனப்படும் காரின் சட்ட எண். மக்கள் 'கிரான்' என்று அழைக்கும் உடைமைச் சான்றிதழில் அது இருக்கும். புரோட்டான் கார்களில் 'பி.எல்.1' என்றும் பெரோடுவா கார்களில் 'பி.எம்.2' என்றும் தொடங்கும் அந்த எண்ணைக் கொடுத்தால், அதிகாரபூர்வ உதிரிப்பாகப் பிரிவினர் அந்தக் குறிப்பிட்ட கார் எந்த வகையாகத் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது என்பதைக் கண்டு சரியான உறுப்பைச் சொல்ல முடியும். ஆனால் முந்தைய உரிமையாளர் வேறு காரின் ஸ்டீரிங்கை அழகுக்காக மாட்டியிருந்தால் சட்ட எண் ஒன்று சொல்லும், கண்முன் இருப்பது வேறொன்று சொல்லும். அப்போது சட்ட எண்ணை நம்புவதே முறை, ஏனெனில் காருக்குள் ஓடும் கம்பித்தொகுப்பு இன்னும் தொழிற்சாலை தந்ததுதான்.

'ஹாஃப் கட்' வணிகம் இந்தக் குழப்பத்துக்குத் தன் பங்கைச் சேர்க்கிறது. ஜப்பானில் ஓடி முடித்த கார்களை இரண்டாக அறுத்து, எஞ்சினும் கருவிப்பலகையும் உள்ள முன்பாதியை இறக்குமதி செய்து, உறுப்பு உறுப்பாகப் பிரித்து விற்கும் கடைகள் மலேசியாவில் பல உண்டு. இரு நாடுகளிலும் ஸ்டீரிங் வலப்பக்கம் என்பதால் பெரும்பாலான பாகங்கள் பொருந்தியும் விடுகின்றன. எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இது நல்ல வழி. காற்றுப்பைச் சுற்றுக்கு இது ஏற்ற வழியன்று. ஒரே அச்சில் பிறந்த கார்களாயினும் சந்தைக்குச் சந்தை காற்றுப்பையின் வகையும் விசைகளின் எண்ணிக்கையும் மாறக்கூடும். மேலும், அறுத்த காரிலிருந்து வந்த நாடா ஏற்கெனவே எத்தனை ஆண்டு வளைந்து நிமிர்ந்தது என்பதைப் பார்வையால் அறிய முடியாது.

பொருந்தாத கனெக்டர் என்பது மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிக்கும். முதல் நிலையில் கனெக்டர் நுழையவே இல்லை. இது வெளிப்படையானது என்பதால் பணம்தான் வீணாகும். இரண்டாம் நிலையில் கனெக்டர் நுழைகிறது, ஆனால் உள்ளே முட்களின் வரிசை வேறு. முள் என்பது கனெக்டருக்குள் ஒவ்வொரு கம்பிக்கும் உரிய உலோக நுனி. ஆறு குழியுள்ள கனெக்டரில் நான்கு முள் மட்டும் இருப்பதும், அந்த நான்கும் இரு வகைகளில் வெவ்வேறு குழிகளில் இருப்பதும் உண்டு. இதன் விளைவாக ஹாரனை அழுத்தினால் ஒலிப்பெட்டி நிலையம் மாற்றும். அல்லது எதுவுமே நடக்காது. ஒலிப்பெட்டி விசைகள் பலவும் ஒரே கம்பியில் வெவ்வேறு மின்தடைகளின் மூலம் பேசிக்கொள்பவை என்பதால், இடம் மாறிய ஒரு முள் அத்தனை விசைகளையும் குழப்பிவிடும். ஹாரன், ஒலிப்பெட்டி ஆகியவற்றுக்கு மட்டும், மின்வரைபடத்தைப் பார்த்து, முட்களை அதற்குரிய மெல்லிய கருவியால் நெம்பி எடுத்துச் சரியான குழிக்கு மாற்றுவது ஏற்கத்தக்க வேலை. வரைபடம் இல்லாமல் கம்பியின் நிறத்தை மட்டும் நம்பி மாற்றுவது ஏற்கத்தக்கதன்று. நாடாவுக்குள் செல்லும் வழியில் நிறம் என்பதே கிடையாது.

மூன்றாம் நிலைதான் ஆபத்தானது. காற்றுப்பையின் கனெக்டர்கள் பார்த்ததும் அடையாளம் தெரிவதற்காகப் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றுக்குள் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிறு உலோகப் பட்டை உண்டு. கனெக்டரைக் கழற்றியவுடன் அப்பட்டை வெடிதிரியின் இரு முனைகளையும் தொட்டு ஒன்றோடொன்று இணைத்துவிடும். மனித உடலில் தேங்கும் நிலைமின்சாரம் தவறுதலாகத் திரியைப் பற்றவைக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. கனெக்டரை மீண்டும் மாட்டும்போது, எதிர்ப்பக்கத்திலுள்ள ஒரு பிளாஸ்டிக் நாக்கு பட்டையைத் தூக்கிப் பிரித்துவிட வேண்டும். வெளிவடிவம் ஒத்தும் அந்த நாக்கு இல்லாத, அல்லது நாக்கின் நீளம் மாறிய கனெக்டர் மாட்டப்பட்டால், அது நன்றாகவே நுழையும், 'டிக்' என்று பூட்டிக்கொள்ளவும் செய்யும். ஆனால் உள்ளே இரு முனைகளும் இணைந்தபடியே இருக்க, கணினி அனுப்பும் மின்சாரம் திரிக்குச் செல்லாமல் பட்டை வழியாகத் திரும்பிவிடும். விளக்கு எரியும், பழுதறியும் கருவியைச் செருகினால் 'ஓட்டுநர் பக்கக் குறுக்குச்சுற்று' என்ற பொருளில் குறியீடு வரும். புதிய உறுப்பு மாட்டிய பிறகும் விளக்கு அணையவில்லை என்று கணினியைக் குறைகூறுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இதுவே. முன்பு 'அறுந்த சுற்று' என்றிருந்த குறியீடு, உறுப்பை மாற்றிய பின் 'குறுக்குச்சுற்று' என மாறியிருந்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிவிடும்.

காரில் மாட்டுவதற்கு முன்பே புதிய கிளாக் ஸ்பிரிங்கை மேசையில் வைத்துச் சோதிப்பது இத்தொல்லைகளில் பலவற்றைத் தவிர்க்கும். கீழ்க் கனெக்டரின் ஒவ்வொரு முள்ளுக்கும் மேல் கனெக்டரின் எந்த முள் இணை என்று ஓம் மானியால் தொட்டுப் பார்த்து, பழையதில் எடுத்த குறிப்போடு ஒப்பிட வேண்டும். நல்ல வழியில் மின்தடை ஓர் ஓமுக்கும் குறைவாகவே இருக்கும். காற்றுப்பைக்குரிய இரு வழிகளும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதாக மானி காட்டினால், அது பழுது அல்ல, மேலே சொன்ன பட்டையின் வேலை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்த அளவுகளெல்லாம் கழற்றிய கிளாக் ஸ்பிரிங்குக்கு மட்டுமே உரியவை. காற்றுப்பையின் முனைகளில் மானியை வைக்கவே கூடாது. மானி அனுப்பும் மின்னோட்டமே திரியைப் பற்றவைக்கக்கூடும் என்பதால், எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைத் தடைசெய்திருக்கிறார்கள்.

காரில் கைவைக்கும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். டொயோட்டா குறைந்தது 90 விநாடி என்கிறது, ஹோண்டா 3 நிமிடம் என்கிறது. மோதலில் பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கணினிக்குள் ஒரு மின்தேக்கி சேமித்து வைத்திருக்கும் ஆற்றல் வடிவதற்கே இந்த அவகாசம். கழற்றிய காற்றுப்பையை, அதன் மூடி மேல்நோக்கியிருக்கும்படி, ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்த பை எப்படியேனும் விரிந்துவிட்டால், அதன் உலோக முதுகே எறிபொருளாகிவிடும். சக்கரத்தைக் கழற்றும்போது நடு நட்டை முழுதும் எடுத்துவிடாமல் சில புரிகள் விட்டுவைத்தால், இறுகிய சக்கரம் திடீரெனப் பிடுங்கிக்கொண்டு முகத்தில் அடிக்காது. தண்டுக்கும் சக்கரத்துக்கும் பொதுவாக ஒரு கோடு கீறிவைப்பது, திரும்ப மாட்டும்போது ஸ்டீரிங் கோணலாகாமல் காக்கும்.

காற்றுப்பையைக் கையில் எடுக்கும் இந்தத் தருணத்தில் வேறொரு செய்தியையும் நினைப்பது பொருத்தம். 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில், ஹோண்டா சிட்டி காரை ஓட்டிச்சென்ற கருவுற்ற பெண் ஒருவர் மோதலால் அல்ல, தம்மைக் காக்க வேண்டிய காற்றுப்பையிலிருந்து சிதறிய உலோகத் துண்டால் உயிரிழந்தார். 2016இலும் மலேசியாவில் இத்தகைய மரணங்கள் நேர்ந்தன. இந்தக் காற்றுப்பைகளைத் தயாரித்த தக்காத்தா நிறுவனம் வாயுவை உண்டாக்கப் பயன்படுத்திய அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் நிலைகெட்டு, அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கூட்டையே உடைத்துவிடுகிறது. உலகமெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட, அந்நிறுவனம் 2017 ஜூனில் திவால் மனு தாக்கல் செய்தது. கிளாக் ஸ்பிரிங்கை மாற்றக் காற்றுப்பையைக் கழற்றுபவர், அந்தக் காரின் பை திரும்ப அழைக்கப்பட்டு மாற்றப்பட்டுவிட்டதா என்று சட்ட எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரிடம் விசாரிப்பது தவறாமல் செய்ய வேண்டிய வேலை. அந்த மாற்றம் இலவசமாகவே செய்து தரப்படுகிறது. ஹாஃப் கட் கடையில் ஸ்டீரிங்கையும் பையையும் சேர்த்து வாங்கி மாட்டுவதில் உள்ள ஆபத்தும் இதனால் விளங்கும்: பையின் வரலாறு வாங்குபவருக்குத் தெரியாது.

புதிய கிளாக் ஸ்பிரிங் நடுநிலையில் பூட்டப்பட்டு வருகிறது. ஒரு சிறு பிளாஸ்டிக் ஊசியோ ஒட்டுத்தாளோ அதை அசையவிடாமல் பிடித்திருக்கும். காரில் திருகி முடிக்கும்வரை அதை எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால், அல்லது பூட்டு இல்லாமல் வந்தால், நடுநிலையைக் கையாலேயே கண்டறிய வேண்டும். டொயோட்டா முறையில், வட்டை இடஞ்சுழியாக மெல்லத் திருப்பி, நாடா இறுகி நிற்பதை உணர்ந்ததும் நிறுத்தி, அங்கிருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுத் திருப்பி, இரு குறிகளையும் நேர்ப்படுத்த வேண்டும். சுற்றுகளின் எண்ணிக்கை காருக்குக் கார் மாறும் என்பதால் அந்தந்தக் காரின் நூலைப் பார்ப்பதே சரி. இரண்டரைக்குப் பதில் ஒன்றரையில் மாட்டியவரின் கார் அன்று நன்றாகவே ஓடும், ஹாரனும் ஒலிக்கும். முதல்முறை முழுதாக வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒடிக்கும்போது புதிய உறுப்பு அறுந்துபோகும். விற்றவர் மட்டமான பொருளைக் கொடுத்துவிட்டார் என்ற பழி பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. வட்டின் முதுகிலுள்ள சிறு மேடுகள் இண்டிகேட்டர் விசையைத் திருப்பத்துக்குப் பின் தானாக விடுவிக்கும் வளையத்தில் அமர வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மறந்தால் இண்டிகேட்டர் தானாக அணையாது. கோண உணரியுள்ள கார்களில், பழுதறியும் கருவியால் பூச்சியக் கோணத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கும்.

சரியான உறுப்பு கிடைக்காதபோது சில இடங்களில் கையாளப்படும் ஒரு குறுக்குவழி கண்டிக்கத்தக்கது. காற்றுப்பைக் கம்பிகளின் இரு முனைகளிலும் 2 ஓம் மதிப்புள்ள சிறு மின்தடையை வைத்துக் கட்டிவிட்டால், வெடிதிரி இருப்பதாகவே கணினி எண்ணிக்கொள்ளும், விளக்கு அணையும், வாடிக்கையாளர் மகிழ்ந்து பணம் கொடுப்பார். காற்றுப்பை மட்டும் வெறும் அலங்காரமாகிவிடும். சிவப்பு விளக்கோடு ஓடும் காரின் ஓட்டுநருக்குத் தம் காற்றுப்பை வேலை செய்யாது என்பதாவது தெரியும். இந்தக் காரை அடுத்து வாங்குபவருக்கு அதுவும் தெரியாது. காற்றுப்பையின் கம்பியை வெட்டி முறுக்கி ஒட்டுநாடா சுற்றுவதும் இந்த இனத்தையே சேரும். 2 ஓமை அளந்து வாழும் சுற்றில், துருப்பிடிக்கும் ஒரு முறுக்கே அறுந்த சுற்றுக்குச் சமம். வேறு வழியே இல்லை என்றால், ஹாரனுக்குத் தனியே பொத்தான் ஒன்றைக் கருவிப்பலகையில் தற்காலிகமாக வைத்து, சிவப்பு விளக்கை எரியவிட்டு, சரியான உறுப்பு வரும்வரை பொறுத்திருப்பது நேர்மையான வழி.

எல்லாம் மாட்டிய பிறகு பேட்டரியை இணைக்கும்போது காருக்குள் எவரும் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அதன்பின் சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு ஏறத்தாழ ஆறு விநாடி எரிந்து, தன்னைத் தானே சோதித்துக்கொண்டு அணைய வேண்டும். சில கார்களில் பழைய குறியீட்டைக் கருவியால் அழித்த பிறகே அது அணையும். ஸ்டீரிங்கை இரு கோடிகளுக்கும் மெதுவாகத் திருப்பி, திருப்பும்போதே ஹாரனை இடையிடையே அழுத்திப் பார்த்தால், எந்தக் கோணத்திலேனும் வழி விட்டுப்போகிறதா என்பது தெரிந்துவிடும். பழைய கார்களை வாங்குவோர் இந்த ஆறு விநாடியைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: சாவியைத் திருப்பியதும் அவ்விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை என்றால், அமைப்பு நலமாக இருக்கிறது என்று பொருளல்ல, யாரோ அதன் பல்பைக் கழற்றியிருக்கவோ, மேலே கறுப்புத் தாளை ஒட்டியிருக்கவோ வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட காரில், கிளாக் ஸ்பிரிங்குக்குச் சொல்லிவிடுவதற்கு முன், கருவிப்பலகையைத் திறந்து அந்த விளக்கை மீட்டு, கணினி சேர்த்துவைத்திருக்கும் குறியீடுகளை முழுவதும் படிக்கச் சொல்வதே முதல் வேலை.